கிக் ஸ்டார்ட்: கால் எட்டுதா பாஸ்?

போன நாலு வாரமா இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளை எல்லாம் எடுத்து வெச்சுப் பார்த்தேன். '150 சிசி எடுக்கவா, 200 சிசி எடுக்கவா?', 'மைலேஜ் என்ன கொடுக்கும்?', 'காலேஜ் கேட்ல நிப்பாட்டினா நாலு பேர் திரும்பிப் பார்க்கணும், அப்படி ஒரு வண்டி சொல்லுங்க!' எல்லாம் இதே ரகம்தான். ஒருத்தர்கூட 'எனக்குக் கால் எட்டுமா?'னு கேட்கலை.

கேட்க மாட்டீங்க பாஸ். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கிறதுல இருக்கிற கூச்சம் எனக்கு நல்லாவே தெரியும். ஏன்னா நான் 161 செ.மீ. அதாவது அஞ்சு அடி மூணு இஞ்ச் சொச்சம். எடை 54 கிலோ, அதுவும் ஹாஸ்டல் மெஸ்ஸுல பூரி போடற நாள்ல. ஸ்கூல் அசெம்பிளியில இருந்து என்.சி.சி. வரைக்கும் முதல் வரிசையைத் தவிர வேற வரிசையைப் பார்த்ததில்லை.

நானும் அந்தக் கேள்வியைக் கேட்கலை. அதுக்கு விலை கொடுத்தது எங்க அம்மாவோட வலது மணிக்கட்டு.

போன தீபாவளி லீவு. மாமா அவரோட 350 சிசி வண்டியில ஊருக்கு வந்திருந்தார். மாடல் பேர் வேண்டாம். தப்பு வண்டி மேல இல்லை. கிட்டத்தட்ட 190 கிலோ, கறுப்பு கலர், தெருவே அதிர்ற சத்தம். 'அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன் மாமா'னு சாவியை வாங்கிட்டேன். மாமா ஒரு நிமிஷம் என் காலைப் பார்த்தார். 'எட்டுமாடா?'னு கேட்க வந்தவர், என் மூஞ்சியைப் பார்த்துட்டுக் கேட்காம விட்டுட்டார்.

ஆறு கிலோமீட்டர் வரைக்கும் நான்தான் ஹீரோ. உண்மையிலேயே சொல்றேன், ஓடும்போது அந்த வண்டி பஞ்சு மாதிரி இருந்துச்சு. பிரச்னை ரயில்வே கேட்ல வந்துச்சு. எங்க ஊர்ல தண்டவாளம் மேட்டுல போகும். ரோடு ரெண்டு பக்கமும் ஏறி வந்து கேட்டைத் தொடும். கேட் மூடியிருந்தா எல்லா வண்டியும் ஏத்தத்துலதான் நிக்கணும். நானும் நிறுத்தினேன். இடது காலை ஊன்றினேன். பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டுச்சு, அதுவும் ஜல்லி மேல. ஜல்லி உருண்டது. வண்டி ஒரு பக்கமா லேசா சாஞ்சது. 'பிடிச்சுடலாம்'னுதான் நினைச்சேன். புடவை கட்டி ஒரு பக்கமா உட்கார்ந்திருந்த அம்மா முன்னாடி சரிஞ்சு கையை ஊன்றினாங்க.

அப்போ எங்க வேகம் மணிக்கு பூஜ்ஜியம் கிலோமீட்டர். இதை வேகத்தால வர்ற விபத்துன்னு எந்தக் கணக்குலயும் சேர்க்க முடியாது. ஒரு ஆட்டோ அண்ணனும், பூ விக்கிற அக்காவும் வந்து வண்டியைத் தூக்கினாங்க. அம்மாவுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. தெருவுல கேட்டவங்ககிட்ட எல்லாம் 'வாசப்படியில வழுக்கிட்டேன்'னு சொல்லிட்டாங்க. எனக்கு அதுதான் இன்னும் வலிக்குது.

அப்புறம் ஆறு வாரமும் வீட்டுலயும் ஹாஸ்டல்லயும் இந்த ஒரு விஷயத்தைத்தான் நோண்டிக்கிட்டு இருந்தேன். ரஃப் நோட்டுல ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான், பயப்படாதீங்க.

வண்டி நேரா நிக்கும்போது அதோட எடை முழுக்க டயர் வழியா தரைக்குப் போயிடுது. நீங்க ஒண்ணும் தாங்கத் தேவையில்லை. சாயும்போதுதான் உங்க பங்கு ஆரம்பிக்குது. வண்டியோட எடை மையம் தரையில இருந்து அரை மீட்டர் உயரத்துல இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரம். 190 கிலோ வண்டி 10 டிகிரி சாஞ்சா, ஹேண்டிலைப் பிடிச்சு நிறுத்த 16, 17 கிலோ அளவுக்கு விசை வேணும். அரிசிப் பை தூக்கற மாதிரிதான், முடியும். ஆனா பின்னாடி 60 கிலோவுல ஒரு ஆள், வண்டியோட எடை மையத்தைவிட உயரத்துல உட்கார்ந்திருக்காங்க. அவங்களையும் சேர்த்தா அதே 10 டிகிரிக்கு 27 கிலோ. 20 டிகிரி சாஞ்சா 53 கிலோ.

நான் மொத்தமே 54 கிலோ பாஸ்!

'பிடிச்சுடலாம்'னு நினைக்கிறதுக்கும் பிடிக்க முடியாததுக்கும் நடுவுல வெறும் 10 டிகிரிதான். பாதம் முழுசா தரையில பதிஞ்சிருந்தா, வண்டி ரெண்டு மூணு டிகிரி சாயும்போதே உங்க கால் தூண் மாதிரி தடுத்துடும். விரல் நுனி மட்டும் தொட்டா, கணுக்கால் முதல்ல மடங்கும், அப்புறம்தான் முட்டி வேலை செய்யும். அதுக்குள்ள வண்டி உங்க கையை விட்டுப் போயிடும். இதுல உடம்பு பலத்தைவிட முக்கியம், எந்த டிகிரியில பிடிக்கிறீங்கங்கிறதுதான்.

உயரம் வேற, கால் நீளம் வேற

வண்டி எடுக்கப் போறதுக்கு முன்னாடி வீட்டுல செய்ய வேண்டிய ஒரே ஒரு ஹோம்வொர்க். செருப்பைக் கழட்டிட்டு சுவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க. ஒரு தடியான புத்தகத்தை ரெண்டு காலுக்கு நடுவுல, சைக்கிள் சீட் மாதிரி நல்லா மேல இழுத்து வைங்க. எம்3 மேத்ஸ் புக் இதுக்காவது உபயோகப்படட்டும். புத்தகத்தோட மேல் விளிம்பு சுவத்தைத் தொடுற இடத்துல பென்சிலால ஒரு கோடு. தரையில இருந்து அந்தக் கோடு வரைக்கும் அளந்தா உங்க உள்கால் நீளம். எனக்கு 73 செ.மீ. என் பெஞ்ச்மேட் என்னைவிட நாலு செ.மீ. உயரம். அவனுக்கும் அதே 73 தான்! அவனுக்கு உடம்பு நீளம், கால் கட்டை. 'இத்தனை அடி உயரம் இருந்தா இந்த வண்டி ஓட்டலாம்'னு கேன்டீன்ல கிடைக்கிற அட்வைஸ் எல்லாம் இதனாலதான் தேறாது.

இப்போ கம்பெனி கொடுக்கற சீட் உயரத்தைப் பார்ப்போம். ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் 785 மி.மீ. ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350-க்கு 790. கிளாசிக் 350-க்கு 805. யமஹா ஆர்15-க்கு 815. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ஹிமாலயன் 450 ரெண்டும் 825. இந்தப் பக்கம் தாழ்வா வந்தா மீட்டியார் 350-க்கு 765, அவெஞ்சர் க்ரூஸ் 220-க்கு 737.

என் 73 செ.மீ.ல ஷூ ஒரு ரெண்டரை செ.மீ. சேர்த்தா 755 மி.மீ. 805 மி.மீ. சீட்டுல உட்கார்ந்தா சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கி 780 ஆகுதுன்னு வெச்சாலும், இன்னும் 25 மி.மீ. கடன். கால் நேரா கீழ இறங்கினாலே இந்தக் கதி. ஆனா கால் நேரா இறங்காது. சீட்டோட அகலம் தொடையைத் தள்ளி விரிச்சிடும். விரியற ஒவ்வொரு செ.மீ.க்கும் எட்டுற தூரம் குறையும். அதனால சீட் உயரத்தைவிட, சீட்டோட முன்பக்கம், அதாவது டேங்க்கைத் தொடுற இடம் எவ்வளவு ஒல்லியா இருக்குன்னு பாருங்க. அகலமான 790-ஐவிட ஒல்லியான 810 சில சமயம் நல்லா எட்டும். இந்த அகலத்தை எந்த விளம்பரத்துலயும் போட மாட்டாங்க. உட்கார்ந்து பார்த்தாதான் தெரியும்.

நம்மள மாதிரி ஒல்லிப்பிச்சான்களுக்கு இன்னொரு அநியாயமும் உண்டு. 80 கிலோ ஆள் உட்கார்ந்தா சஸ்பென்ஷன் நல்லா அமுங்கி, சீட் கீழ இறங்கும். 54 கிலோவுக்கு அது அசைஞ்சே கொடுக்காது. குள்ளமாவும் இருந்து, எடையும் கம்மியா இருந்தா வண்டி உங்களுக்கு இன்னும் உயரம்தான். பின்பக்க ஷாக் அப்சார்பர்ல படிப்படியா திருகற வளையம் ஒண்ணு இருக்கும். அதை ரொம்ப சாஃப்ட்டான படிக்குக் கொண்டுவரச் சொல்லி மெக்கானிக் அண்ணன்கிட்ட கேளுங்க. காசு செலவில்லாம கொஞ்சமாவது இறங்கும். டபுள்ஸ் போறவங்க மட்டும் ரொம்ப சாஃப்ட் ஆக்க வேண்டாம், பள்ளத்துல அடி வாங்கும்.

எட்டினா மட்டும் போதுமா?

இங்கதான் நான் ரெண்டாவது தடவை ஏமாறப் பார்த்தேன். மேல கொடுத்த நம்பர்களை மறுபடி பாருங்க. ஸ்ப்ளெண்டருக்கும் ஹன்டருக்கும் சீட் உயரத்துல வித்தியாசம் வெறும் 5 மி.மீ. ஆனா எடை? ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ஹன்டர் 181. இடையில 69 கிலோ! மீட்டியார் இன்னும் வேடிக்கை. ஸ்ப்ளெண்டரைவிட 20 மி.மீ. தாழ்வு, ஆனா 79 கிலோ அதிகம். 'எனக்கு ரெண்டு காலும் பதியுது'ன்னு சந்தோஷமா மீட்டியார் எடுக்கலாம், தப்பே இல்லை. ஆனா உங்க வீட்டு வாசல்ல இருந்து ரோட்டுக்கு அதை ரிவர்ஸ்ல தள்ளப் போறது யாரு?

நம்ம ஊர் வீடுகளை நினைச்சுப் பாருங்க. வாசல்ல ஒரு சரிவு, சரிவுல கோலம், கோலத்துக்குப் பக்கத்துல சாக்கடை மேல போட்ட சிமென்ட் பலகை. ராத்திரி ஒன்பது மணிக்கு கேட்டுக்குள்ள ஏத்தணும், காலையில பின்பக்கமா இறக்கணும். காலேஜ் ஸ்டாண்டுல கேட்கவே வேண்டாம். ரெண்டு வண்டிக்கு நடுவுல இருக்கிற ஒரு முழ இடத்துல சொருகிட்டுப் போயிடுவாங்க. சாயங்காலம் நாலு வண்டியை நகர்த்திட்டுதான் நம்ம வண்டியை எடுக்கணும். ஒரு பைக்கை நீங்க ஓட்டற நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி. தள்ளற நேரம் அஞ்சு நிமிஷம்தான். ஆனா பல வண்டிகள் கீழ விழறது அந்த அஞ்சு நிமிஷத்துலதான்.

எடையைப் பார்க்கும்போது 'கெர்ப் வெயிட்'டைப் பாருங்க. ஆயில், பெட்ரோல் எல்லாம் சேர்த்த எடை அது. சில இடங்கள்ல 'ட்ரை வெயிட்' போட்டு ஆளை ஏமாத்துவாங்க. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ சுமார். 13 லிட்டர் டேங்க் ஃபுல்லா இருந்தா கிட்டத்தட்ட 10 கிலோ, அதுவும் வண்டியோட உச்சியில. ஷோரூம் டெஸ்ட் ரைடு வண்டியில பெரும்பாலும் ரிசர்வுக்குக் கொஞ்சம் மேலதான் ஊத்தி வெச்சிருப்பாங்க, மறந்துடாதீங்க. சில எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல பேட்டரி கால் வைக்கிற பலகைக்குக் கீழ உட்கார்ந்திருக்கும். எடை அதேதான், ஆனா தாழ்வா இருக்கறதால சாயும்போது அவ்வளவு மிரட்டாது.

இந்த இடத்துல யாராவது ஒருத்தர் 'பெட்ரோசா குள்ளம்தானே, அவர் ஓட்டலையா?'னு கிளம்புவீங்க. எங்க ஹாஸ்டல்லயும் கிளம்பினாங்க. வாஸ்தவம்தான். டேனி பெட்ரோசா 160 செ.மீ.யைத் தாண்டாத ஆளு, ஐம்பது கிலோ சுமார் எடை. மோட்டோஜிபி கிளாஸ்ல மட்டும் 31 ரேஸ் ஜெயிச்சவர். 181 செ.மீ. வாலன்டினோ ரோஸியோட அதே டிராக்குல மோதினவர். ஆனா பாஸ், பெட்ரோசாவுக்கு ரயில்வே கேட் கிடையாது. ஸ்டார்ட்டிங் கிரிட்ல வண்டியை மெக்கானிக் பிடிச்சுக்குவார். பிட்ல நிறுத்தினா ரெண்டு பேர் ஓடி வந்து வாங்கிக்குவாங்க. பின்சீட்டுல அம்மா இல்லை, கையில காய்கறிப் பை இல்லை. முக்கியமா இன்னொண்ணு. அவர் ஓட்டின 1000 சிசி ரேஸ் வண்டியோட குறைஞ்சபட்ச எடையே 160 கிலோ சுமார்தான். நம்ம ஊர் 350 சிசி வண்டி அதைவிட 30 கிலோ கூட!

சரி, அப்போ குள்ளமா இருக்கறவங்க பெரிய வண்டி ஓட்டவே கூடாதான்னா, அதுவும் பொய். எங்க காலேஜ் சிவில் சீனியர் அக்கா என்னைவிட ரெண்டு இஞ்ச் குள்ளம். அவங்க அண்ணனோட கிளாசிக் 350-ல வாரத்துக்கு ரெண்டு நாள் வருவாங்க. ஒருநாள் மரத்தடியில வெச்சு வெட்கத்தை விட்டுக் கேட்டேன், 'எப்படிக்கா?'ன்னு. அவங்க சொன்ன ரகசியம் எதுலயும் பலம் இல்லை, எல்லாம் முன்யோசனைதான். 'நான் ரெண்டு காலும் ஊன்ற முயற்சியே பண்ண மாட்டேன். இடுப்பை ஒரு பக்கமா நகர்த்தி, ஒரே காலை முழுசா பதிய வைப்பேன். இன்னொரு கால் பிரேக் மேல. எங்க நிறுத்தணும்னு முப்பது அடி முன்னாடியே பார்த்துடுவேன். பள்ளம், மணல், ஜல்லி இருந்தா அங்க நிக்க மாட்டேன். இறங்கித் தள்ளும்போது இடுப்பு சீட்டோட ஒட்டியிருக்கணும். கையால தள்ளாத, இடுப்பால தள்ளு.' அப்புறம் ஒண்ணு சேர்த்தாங்க. 'ஒரு வருஷம் ஆகற வரைக்கும் பின்னாடி யாரையும் ஏத்தலைடா.'

அந்தக் கடைசி வரிக்கு நான் தலை குனிஞ்சு நின்னேன்.

விழுந்த வண்டியைத் தூக்கற வித்தையையும் அவங்கதான் கத்துக் கொடுத்தாங்க. முதல்ல சாவியை ஆஃப் பண்ணுங்க. வலது பக்கம் விழுந்திருந்தா, தூக்கறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்டை இழுத்து விட்டுடணும், இல்லைன்னா தூக்கின வேகத்துல அந்தப் பக்கம் சாஞ்சுடும். கியர்ல போட்டுட்டா உருளாது. வண்டியைப் பார்த்துக் குனிஞ்சு தூக்கினா முதுகு போயிடும். திரும்பி நின்னு, பின்பக்கத்தை சீட்டுல முட்டுக் கொடுத்து, ஒரு கையில ஹேண்டில், இன்னொரு கையில பின்னாடி இருக்கிற கம்பி. முதுகு நேரா. அப்புறம் சின்னச் சின்ன அடியா பின்னாடி நடக்கணும். தூக்கறது தொடை, கை இல்லை. ஒரு பழைய வண்டியை வாங்கி மைதானத்துல புல் மேல மெதுவா படுக்க வெச்சு நாலு தடவை பழகினேன். முதல் தடவை முடியலை. மூணாவது தடவை முடிஞ்சது.

ஆறடி அண்ணன்களுக்கு

உங்களை மறக்கலை. என் ரூம்மேட் 187 செ.மீ. அவன் 110 சிசி வண்டியில உட்கார்ந்தா சர்க்கஸ்ல கரடி சைக்கிள் ஓட்டற மாதிரி இருக்கும். சிரிக்கிறோம். ஆனா அவனுக்கு முட்டி வலி வந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. உயரமானவங்களுக்கு சீட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரம் பிரச்னை இல்லை. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரம்தான் பிரச்னை. அது குறைவா இருந்தா முட்டி மடங்கிக் கிடக்கும், அரை மணி நேரத்துல விண்ணுன்னு தெறிக்கும். உட்கார்ந்துட்டு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. முட்டியில இடிச்சா அந்த வண்டியை விட்டுடுங்க. யூ டர்ன் எடுக்கும்போது இடிச்சா விழுவீங்க. உங்க 11-ம் நம்பர் ஷூ கியர் லீவருக்குக் கீழ நுழையுதான்னும் பாருங்க. எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி உயரமான வண்டியெல்லாம் உங்களுக்காகவே செஞ்சது. கொடுத்து வெச்சவங்க!

கிளட்ச்சையும் சும்மா விடாதீங்க. கை சின்னதா இருக்கறவங்க, லீவரை விரல் நுனியாலயா பிடிக்கிறீங்க, நடு விரல் மடிப்பாலயான்னு பாருங்க. நுனின்னா ட்ராஃபிக்ல அரை மணி நேரத்துல முழங்கை வரைக்கும் இழுக்கும். பல புது வண்டியில 'ஸ்லிப்பர் அசிஸ்ட்' கிளட்ச் வருது, பிடிக்க லேசா இருக்கும். ஷோரூம்ல நின்னபடியே இருபது தடவை பிடிச்சு விடுங்க. சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

சீட்டை வெட்டறது பத்தி நிறையப் பேருக்கு ஆசை இருக்கும். சீட் கவர் கடையில உள்ள இருக்கிற ஃபோமை ரெண்டு மூணு செ.மீ. சீவிக் கொடுப்பாங்க. முன்பக்க ஓரங்களை மட்டும் சீவச் சொன்னா கால் விரியறது குறையும், உட்காரும் இடம் கல்லு மாதிரி ஆகாது. பழைய சீட்டைத் தொடாம, தனியா ஒரு சீட் வாங்கி அதுல கை வைக்கிறது புத்திசாலித்தனம். ஆனா சஸ்பென்ஷனையே மாத்தி வண்டியை இறக்கித் தர்றோம்னு சொல்றவங்ககிட்ட உஷார். வண்டி இறங்கினா சைடு ஸ்டாண்டு அளவுக்கு மேல நீளமாயிடும், வண்டி நேரா நிக்கும், காத்தடிச்சாகூட அந்தப் பக்கம் விழும். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்ல அடிப்பாகம் தட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வேற, கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது. இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் வம்பு வரும்.

ஷோரூமுக்குப் போறப்போ தினமும் போடற ஷூவையே போட்டுக்கிட்டுப் போங்க. அன்னைக்குன்னு ஹீல் வெச்ச ஷூ போட்டா ஏமாறறது நீங்கதான். ஷோரூம் தரை டைல்ஸ், கண்ணாடி மாதிரி சமமா இருக்கும். அங்க எல்லா வண்டியும் எட்டற மாதிரிதான் தெரியும். வெளியில கொண்டு வரச் சொல்லுங்க. வாசல் சரிவுல நிறுத்திப் பாருங்க. சைடு ஸ்டாண்டுல இருந்து நிமிர்த்துங்க, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பத்தடி பின்னாடி தள்ளுங்க, எட்டு போடுங்க. சென்டர் ஸ்டாண்டு இருந்தா போட்டுப் பாருங்க. அதைத் தூக்கறதுன்னு நினைக்காதீங்க. ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரையில பட்டதும், உங்க முழு எடையோட ஸ்டாண்டு மேல ஏறி மிதிக்கணும். வண்டி தானா பின்னாடி ஏறும். யார் உங்க பின்சீட்டுல தினமும் வரப் போறாங்களோ, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

நான் கூட்டிட்டுப் போனேன். கட்டுப் பிரிச்ச மூணாவது வாரம். அப்பா பணம் கட்டற கவுன்ட்டர் பக்கம் நின்னார். '350-தான் ஆசைன்னா அதையே எடுத்துக்கோடா, கொஞ்சம் கூட லோன் போடலாம்'னார். அவர் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா எனக்கு சுலபமா இருந்திருக்கும். மேட் கறுப்புல ஒண்ணு கண்ணாடி ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதை நாலு தடவை சுத்தி வந்தேன். உட்கார்ந்தேன். டைல்ஸ்ல ரெண்டு பெருவிரலும் தொட்டுச்சு. அப்புறம் இறங்கி, டிவிஎஸ் ரைடர் 125 பக்கம் போனேன். சீட் உயரம் 780, எடை 123 கிலோ. பாதத்தோட முன்பாதி ரெண்டு பக்கமும் பதிஞ்சது. சரிவுல நிறுத்தினேன், பின்னாடி தள்ளினேன். அம்மா பின்னாடி ஏறி உட்கார்ந்தாங்க. அம்மா உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் இறங்கி, இன்னும் நல்லாவே பதிஞ்சது. 'இது போதுமாடா உனக்கு?'ன்னு கேட்டாங்க. போதும்னேன்.

பொய் சொல்லலை. ஆனா இன்னும் சாலையில அந்தச் சத்தம் கேட்டா கழுத்து தானா திரும்புது, என்ன செய்ய. வேலைக்குப் போய், நானே சம்பாதிச்சு, அந்த அக்கா மாதிரி தனியா ஒரு வருஷம் பழகி அப்புறம் பார்க்கலாம்னு வெச்சிருக்கேன்.

இப்போ வண்டி வந்து அஞ்சு மாசம் ஆச்சு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அதே ரோடுதான். தூரத்துல கேட் மூடியிருக்கறது தெரிஞ்சா, மேடு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அம்மா என் தோளைத் தட்டுவாங்க. நான் ஓரமா நிறுத்துவேன். இறங்கி, புடவைத் தலைப்பை இடுப்புல சொருகிக்கிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காம நடந்தே மேட்டுல ஏறிடுவாங்க. கேட் திறந்து நான் அந்தப் பக்கம் போகும்போது அங்க நின்னுக்கிட்டு இருப்பாங்க.

(அடுத்த வாரம்: செகண்ட் ஹேண்டு வண்டி வாங்கும்போது ஆர்.சி. புக்ல எந்தெந்த வரியைப் படிக்கணும்? கேள்விகளை இப்பவே அனுப்புங்க. உங்க உள்கால் நீளத்தையும் சேர்த்து எழுதலாம், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்!)